மூன்றாம் நம்பர் யார் என்று கேட்டார்கள்

பந்துதான் அக்கா. பலாப்பிஞ்சு இல்லை, பயப்படாமல் தொட்டுப் பாருங்கள். ரக்பி என்று ஒரு விளையாட்டு, அதற்குப் பந்தே இப்படித்தான், நீட்டுவாக்கில் இருக்கும். மேல் தட்டில் வைத்தால் வளைவில் யார் தலையிலாவது விழும். அதனால்தான் மடியில். உங்களுக்கு இடிக்கிறதா? இல்லையே.

கம்பம் போகிறேன். அதுதான் எங்கள் ஊர், படிப்பது திருச்சியில். லீவெல்லாம் இல்லை. வார்டனிடம்கூடச் சொல்லவில்லை. மாற்றுச் சுடிதார் ஒன்றும் இந்தப் பந்தும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அறையில் அவளோடு இன்னொரு நாள் இருக்க என்னால் முடியாது. அவள் என்றால் கொடிமலர். என் ரூம்மேட், என் டீம். போன வாரம் வரைக்கும் என் சிநேகிதி.

நடுவில் எனக்கு ஒரு போன் வரும் அக்கா, அமெரிக்காவிலிருந்து. வந்தால் பேச்சை நிறுத்துவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் போனில் நான் சொல்லப்போகிற பதிலில்தான் கொடிமலர் அமெரிக்கா போவதும் போகாததும் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிலைமை அப்படி. முதலிலிருந்து சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் எதையும் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

விளையாட்டு புரிந்தால்தான் வழக்கு புரியும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிர்க் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். வைத்தால் அது ஒரு ட்ரை, புள்ளி நமக்கு. இதில் ஒரு வேடிக்கை, முன்னால் இருப்பவளுக்குப் பந்தைக் கையால் வீசக் கூடாது. பின்னால் வருகிறவளுக்குத்தான் வீசலாம். எதிரணிக்காரி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். தள்ளினால் பந்தை விட்டுவிட வேண்டும். விழுகிறபோதே அதை நம் பக்கமாக வைத்தால் நம்மவள் எடுப்பாள், இல்லாவிட்டால் அவர்கள் எடுப்பார்கள். அந்த இடத்தில் ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு ஒரு குவியல் ஆகும். பார்க்கச் சகிக்காது. குவியலிலிருந்து பந்து வெளியே வந்ததும் ஓரத்தில் நிற்கிற எனக்கு வீசுவார்கள். நான் ஓடுவேன்.

ஓடினால் என்னை யாரும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்தே நூறு மீட்டரில் மாவட்டத்தில் முதல். ஆனால் கால் வேகம் மட்டும் இல்லை அக்கா, இதை எங்களுக்குச் சொல்லித்தருகிற சார்கூட ஒத்துக்கொள்வார். எனக்கு இடம் தெரியும். மைதானத்தில் எங்கே காலியாகப் போகிறது என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். நான் பந்து வாங்குகிற நேரத்தில் என் முன்னால் ஒரு ஆள் இருக்க மாட்டாள். எப்போதுமே அப்படித்தான். அது ஒரு வரம் என்று சொல்ல வேண்டும். கற்றுக்கொடுத்து வராது.

அதனால் என்னைக் கேப்டனாக்கினார்கள். கொடிமலரை டீமுக்குக் கொண்டுவந்ததே நான்தான். முசிறிப் பக்கம் வாழைக்காட்டில் வளர்ந்தவள், கபடி ஆடுகிறவள், குட்டையாக உருண்டு திரண்டு இருப்பாள். ஓட வராது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அருமைநாயகம் சாரிடம், "சார், இவள எங்கயாவது வச்சுக்கலாம் சார், ஆள் கொறையுது" என்று நான்தான் சொன்னேன். சேர்ந்த அன்றைக்கே ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்து அப்படியே உட்கார வைத்தாள், கபடிப் பழக்கம். சார் சிரித்துவிட்டு மூன்றாம் நம்பர் பனியனைக் கொடுத்தார். அதிலிருந்து குவியல் எங்கே இருக்கிறதோ அங்கே அவள் இருப்பாள். ஆட்டம் முடிந்தால் காதுக்குள் மண்ணோடு வருவாள். நான்தான் எண்ணெய் விட்டு எடுத்துவிடுவேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அவளுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன் என்று தெரிய வேண்டும்.

போன வருஷம் ஒரு செய்தி தெரிந்தது. அமெரிக்காவில் சில கல்லூரிகளில் பெண்கள் ரக்பிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்களாம். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஏஜென்ட் கிடையாது, நாமே அங்கே இருக்கிற கோச்சுக்கு எழுத வேண்டும், நம் ஆட்டத்தை வீடியோவில் காட்ட வேண்டும். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் டிகிரி முடித்தால் கல்யாணம் என்று ஏற்கெனவே பேச்சு. இது ஒன்றுதான் எனக்குக் கதவு.

இரண்டு வருஷத்து ஆட்டங்களையும் சார் தண்ணீர்த் தொட்டி மேல் நின்று செல்போனில் எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்து என் ட்ரைகளையெல்லாம் வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றையும் நான் பந்து வாங்குகிற நொடியிலிருந்து வெட்டினேன். அதற்கு முந்தி என்ன இருக்கிறது, வெறும் குவியல், புழுதி. கொடிமலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடியிருந்து ஆரம்பிக்கலாமா நிரஞ்சி?" என்று கேட்டாள்.

"முன்னாடி ஒண்ணும் இல்லடி," என்றேன்.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா, மனசில் ஏதாவது இருந்தால்?

நிறைய இடத்துக்கு அனுப்பினேன். ஒரே ஒரு கோச் பதில் போட்டார், லிண்ட்சே என்று ஒரு அம்மா. உன் வேகம் அருமை என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான், நான் வீட்டுக்குச் சொன்னேன், அப்பா மாமாவிடம் சொன்னார். மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கட்சியில் வட்டச் செயலாளர். மறுநாள் கம்பம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். "அமெரிக்கா செல்லும் எங்கள் குலவிளக்கே" என்று. என் போட்டோ ஆதார் கார்டில் இருக்கிற போட்டோ. மாமாவின் போட்டோ என்னதைவிட இரண்டு மடங்கு. வேகம் அருமை என்றுதானே எழுதினார்கள், வா என்றா எழுதினார்கள் என்று நான் எவ்வளவோ வாதாடினேன். "எடுக்கறதுக்கு அசிங்கமா இருக்கும்மா, இருக்கட்டும்" என்றார். இப்போது நான் அதற்குக் கீழேதான் இறங்க வேண்டும் அக்கா.

கதைக்கு வருகிறேன். அந்த அம்மா அடுத்து ஒன்று கேட்டார். வெட்டாத ஒரு முழு ஆட்டம் வேண்டும் என்று. எனக்குக் கோபம் வந்தது. என்ன, நான் கிராஃபிக்ஸ் பண்ணி அனுப்பினேன் என்று சந்தேகமா? பார்த்துக்கொள்ளட்டும் என்று சென்னைக் கல்லூரியோடு ஆடிய ஃபைனலை அப்படியே அனுப்பினேன். அதில் என் ட்ரை நாலு. எங்கள் ஆட்டம் முழுசாகவே கால் மணி நேரம்தான். அதில் நாலு என்றால் யோசித்துப் பாருங்கள்.

பதில் வந்தது. நன்றி, நிரஞ்சனா. ஒரு கேள்வி. மூன்றாம் நம்பர் யார்? அவர் விண்ணப்பிக்கிறாரா?

எனக்குக் கண்ணே தெரியவில்லை. நாலு ட்ரை அடித்தவளிடம் வந்து, கீழே கிடந்தவள் யார் என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் பந்தல் போட்டவனைப் பற்றி விசாரிப்பது மாதிரி. சரி, நாகரிகமாகப் பதில் போட்டேன். அவள் பெயர் கொடிமலர், விளையாட்டுக் கோட்டாவுக்காக ஆடுகிறாள், இங்கிலீஷ் சரியாக வராது, வெளிநாடு போகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்று.

ஏன் அக்கா புருவத்தைத் தூக்குகிறீர்கள்? அவளுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று நானே முடித்து வைத்தேன். அவள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா? கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கே பஸ் ஏறி வருவதற்கு யோசிக்கிற குடும்பம். இதில் எங்கே அமெரிக்கா? அவளிடம் சொல்லியிருந்தால் வீணாக ஆசைப்பட்டு அழுதிருப்பாள். அதைத் தவிர்த்தேன். சிநேகிதி என்றால் அதுதானே.

அதற்கப்புறம் எனக்குப் பதிலே இல்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடிமலர் மட்டும் ஏதோ மாதிரி இருந்தாள். இங்கிலீஷ் செய்தி கேட்பாள். சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று ஒரு நாள் மதுரைக்குப் போனாள். நானும் நம்பி, என் நல்ல துப்பட்டாவைக் கொடுத்தனுப்பினேன்.

போன வாரம் மெஸ்ஸில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். சாம்பார் ஊற்றுகிற பாக்கியம் அக்கா சிரிக்கிறார்கள். "என்ன பாப்பா, உன் ரூம்காரப் பிள்ள அமெரிக்கா போகுதாமே. நீ என்னிக்கும் ஊரெல்லாம் சொல்லுவ, அது ஒரு வார்த்த சொல்லல பாரு. பாயசம் உண்டா இல்லையா?"

சாம்பார் என் கையில் ஊற்றிக்கொண்டது. உணரவே இல்லை.

அந்த லிண்ட்சே அம்மா என் பதிலோடு விடவில்லை. நேராக அருமைநாயகம் சாருக்கே எழுதியிருக்கிறார். சார் கொடிமலரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் சரி என்றிருக்கிறாள். மதுரையில் வளைகாப்பும் இல்லை ஒன்றும் இல்லை, இங்கிலீஷ் பரீட்சை எழுதியிருக்கிறாள், என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு. பாஸும் ஆகிவிட்டாள். மெஸ் வரைக்கும் தெரிந்த சேதி, ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியாது.

அறைக்குப் போய்க் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வன்னு தெரியல."

"என்ன செய்வேன்? கழுத்த நெரிப்பேனா?"

"நான் வரமாட்டேன்னு எழுதினியாமே."

"ஆமா எழுதினேன். நீ போவியா?"

"கேட்டியா?" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. ஒரு வார்த்தை. நான் அரை மணி நேரம் பேசினேன், ஒன்று விடாமல், வரிசையாக. யார் சேர்த்துவிட்டது, யார் காதில் எண்ணெய் விட்டது, யார் கண்டுபிடித்த கல்லூரி, யார் அனுப்பிய வீடியோ. அவள் துணியை மடித்து முடித்துவிட்டு வெளியே போய்விட்டாள். வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள்தான் எழுந்து போவார்கள்.

நேற்றுச் சார் கூப்பிட்டார். அங்கே ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறதாம். கொடிமலர் ஒருத்தி, கென்யாவிலிருந்து ஒருத்தி. லிண்ட்சே அம்மாவுக்கு ஒரு வழக்கம், யாரை எடுப்பதாக இருந்தாலும் அந்தப் பெண்ணின் கேப்டனிடம் தானே பேசாமல் எடுக்க மாட்டாராம். கோச் எல்லாம் தன் பிள்ளையைப் புகழத்தான் செய்வார், கூட ஆடுகிறவளுக்குத்தான் தெரியும் என்பாராம். நாளைக் காலையில் உன்னைக் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் கென்யாப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார் என்றார் சார். கேப்டன் யார்? நான். பார்த்தீர்களா, கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்று.

"மனசுல உள்ளத சொல்லும்மா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல," என்றார் சார். கொடிமலரும் பின்னாலேயே வந்து வராந்தாவில் நின்றாள். "என்ன வேணா சொல்லு. போன மட்டும் எடு," என்றாள். தயவாகக் கேட்டாள் என்று நினைக்காதீர்கள். மிரட்டுகிற மாதிரிதான் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

என்ன சொல்லப் போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? உண்மையைச் சொல்லப் போகிறேன். இங்கிலீஷில் எழுதி, பல் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். மூன்றாம் நம்பர் பலசாலி. ஆனால் நம்பத் தகுந்தவள் இல்லை. தன் கேப்டனிடமே பொய் சொன்னவள், நாளைக்கு உங்களிடமும் சொல்வாள். முடிந்தது. இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சொல்லுங்கள். வளைகாப்பு என்றாளா இல்லையா? ஒருத்தி வாழ்க்கையாச்சே என்கிறீர்கள். என்னுடையது வாழ்க்கை இல்லையா அக்கா? என் பெயர்தானே ஃப்ளெக்ஸில் இருக்கிறது?

இருங்கள். இதோ வருகிறது. பிளஸ் ஒன்று போட்டு வருகிறது பாருங்கள். பந்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

*

வைத்துவிட்டார்.

கொடுங்கள் பந்தை. சத்தமாகவா பேசினேன்? கண்டக்டர் திரும்பிப் பார்த்தது எனக்கும் தெரியும். பின்சீட்டுக் குழந்தை எழுந்துவிட்டதா? ஐயோ. மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

எப்படித் தொடங்கினார் என்று சொல்கிறேன். நான் என் முதல் வரியைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவர், "மூன்றாம் நம்பரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, இரண்டாவது பாதியில் அவள் நடக்கிறாள், சோம்பேறியோ?" என்றார்.

சோம்பேறி. கொடிமலரை.

நான் என்ன செய்வேன் அக்கா, தப்பாக ஒருத்தர் பேசினால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எந்த இடத்தில் நடந்தாள் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் தள்ளிப் பாருங்கள் என்றேன், சென்னைக்காரி ஒருத்தியின் முழங்கால் இவள் விலாவில் இறங்கியிருக்கும். மாற்று ஆள் எங்களுக்கு இல்லை, வெளியே போனால் ஆறு பேர்தான், அதனால் வலிக்கிறது என்றே யாரிடமும் சொல்லாமல் நின்றாள். மறுநாள் தும்மினபோதுதான் எனக்கே தெரியும். அது நடை இல்லை மேடம், மூச்சு விட முடியாதவள் ஆட்டத்தை விடாமல் இருப்பது, என்றேன். மேடம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

சரி என்றார். அதோடு விட்டாரா? உன் நாலாவது ட்ரையில் அவள் படத்திலேயே இல்லையே, எங்கே போனாள் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அப்போதுதான் கத்தினேன் போல. படத்தில் இல்லை என்றால் கீழே கிடக்கிறாள் மேடம் என்றேன். பந்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அவர்கள் மேல் மோதினாள். மூன்று பேர் சேர்ந்து அவளைத் தள்ளினார்கள். மூன்று பேரும் அவள் மேல் கிடக்கிறார்கள். விழுந்துகொண்டே பந்தை எங்கள் பக்கம் வைத்தாள். மூன்று பேர் அவள் மேல் கிடந்தால் எனக்கு முன்னால் யார் இருப்பார்கள்? யாருமில்லை. அதனால்தான் நான் ஓடினேன். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிப் பாருங்கள். அவள் கீழே கிடக்காமல் நாங்கள் ஒரு ட்ரைகூட அடித்ததில்லை, நாலும் அப்படித்தான், இரண்டு வருஷமும் அப்படித்தான், என்றேன்.

அவர், "நன்றி நிரஞ்சனா, எனக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது. இடம் அவளுக்குத்தான். நானே இப்போது அவளிடம் சொல்கிறேன்," என்று வைத்துவிட்டார்.

நான் சொல்ல வந்ததை எங்கே சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்ல விட்டாரா? வளைகாப்பு வரவே இல்லை பேச்சில். இப்போது நினைத்தால் அந்த அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று தோன்றுகிறது, வேண்டுமென்றே என்னைச் சீண்டி வாங்கியிருக்கிறார். அவரும் ஏமாற்றிவிட்டார். இப்படி ஆளாளுக்கு ஏமாற்றினால் மனுஷி யாரைத்தான் நம்புவது?

சிரிக்காதீர்கள் அக்கா. நான் அவளுக்காகப் பேசவில்லை. தகவல் தப்பாக இருந்தது, திருத்தினேன். இரண்டும் வேறு வேறு. அவள் எனக்குச் செய்தது செய்ததுதான். ஒரு தேங்க்ஸ் வாங்க மாட்டேன் நான் அவளிடம்.

இன்னொன்று யாராவது யோசித்தார்களா பாருங்கள். ஆகஸ்டில் இவள் கிளம்பிவிடுவாள். அதற்கு அடுத்த மாதமே மாநிலப் போட்டி. மூன்று பேரை மேலே போட்டுக்கொண்டு கிடக்க எங்களிடம் யார் இருக்கிறார்கள்? புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் தள்ளினால் பந்தைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்துவிடும். எதிராளிக்கு அல்வா மாதிரி. யாராவது அவர்களுக்கு விழக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேப்டன் நான்தான், கற்றுக்கொடுக்க வேண்டியதும் நான்தான்.

எனக்கு எப்படித் தெரியும் அக்கா? என்னை ஒருத்தியும் பிடித்ததே இல்லையே. நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிறதாக இருந்தால் ஜூன், ஜூலைக்குள் கேட்க வேண்டும்.

கேட்க மாட்டேன். அவள்தான் முதலில் பேச வேண்டும். நியாயம் அப்படித்தானே?